ஒட்டியதா? உருகிச் சேர்ந்ததா?

தில்லியின் மேற்குப் பக்கத்தில் ஜனக்புரி இருக்கிறது. 1970களில் வளர்ந்த பெரிய குடியிருப்பு. இங்கே அடுக்கு வீடுகள் நிறைய. தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இங்கே நடக்கிறது.

இந்த வீடுகளை அண்ணாந்து பாருங்கள். எங்கும் இரும்புதான். சன்னலுக்குக் கம்பி. பால்கனிக்குக் கம்பி. வாசலுக்குக் கதவு. ஏர் கூலரைத் தாங்க ஆங்கிள் சட்டம். கூலரில் 60 லிட்டர் தண்ணீர் பிடித்தால், தண்ணீர் மட்டுமே 60 கிலோ. அந்த எடை தெருவில் போகிறவர் தலைக்கு மேலே தொங்குகிறது. அதைத் தாங்குவது எது? விரல் நீள வெல்டிங் நாலைந்து. அவ்வளவுதான்.

அந்த வெல்டிங் உண்மையாகவே பிடித்திருக்கிறதா? வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். பெயிண்ட் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பங்கா ரோடு பக்கம் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மூத்த வெல்டர் திருச்சிப் பக்கத்துக்காரர். உதவிக்கு இருப்பவர் விழுப்புரத்துத் தம்பி. மூன்றாம் மாடி வீட்டுக்காரர் ஒருவர் வருகிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. பால்கனிக்கு 'ஜாலி' வேண்டும் என்கிறார். கம்பி அடைப்பைத் தில்லியில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஓரச் சட்டத்துக்கு 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள பட்டை. குறுக்கே 12 மி.மீ. சதுரக் கம்பி. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் குழந்தையின் தலை நுழையும். இரும்பு வாங்கியாகிவிட்டது. இனி வெல்டிங் வேலைதான்.

வெல்டிங் என்றால் என்ன?

வெல்டிங் என்பது பசை போட்டு ஒட்டுவது போன்ற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பசை இரண்டு பொருளின் நடுவே நிற்கும். வெல்டிங்கில் அப்படி நடுவே நிற்பது ஒன்றும் இல்லை. இரண்டு இரும்பின் ஓரமும் உருக வேண்டும். ராடும் உருகி அதோடு கலக்க வேண்டும். மூன்றும் ஒரே குழம்பாகி, ஆறி, ஒரே இரும்பாக வேண்டும்.

ராடு மட்டும் உருகினால் என்ன ஆகும்? உருகிய இரும்பு மேலே வழிந்து உட்காரும். கீழே உள்ள பட்டை உருகியிருக்காது. சுவரில் அப்பிய சாணம் காய்ந்து நிற்பது போல நிற்கும். ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் பெயர்ந்து வரும். பால்கனியில் யாராவது சாய்ந்தாலும் வரலாம்.

இரும்பு சுமார் 1500 டிகிரியில் உருகும். ராடின் நுனிக்கும் பட்டைக்கும் நடுவே எரிகிற தீப்பொறிக்கு 'ஆர்க்' என்று பெயர். அதன் சூடு 5000 டிகிரிக்கு மேல். சூட்டுக்குக் குறைவில்லை. அந்தச் சூடு சரியான இடத்தில், சரியான அளவில் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

உருக்காமலும் இரும்பைச் சேர்க்கலாம். அதற்குச் சாட்சி தில்லியிலேயே நிற்கிறது. குதுப்மினார் வளாகத்தில் உள்ள இரும்புத் தூண்தான் அது. 7 மீட்டருக்கு மேல் உயரம். 6 டன்னுக்கு மேல் எடை. சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன், குப்தர் காலத்தில் செய்தது. கொல்லர்கள் இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து அடித்தே சேர்த்திருக்கிறார்கள். அதுவும் வெல்டிங்தான். நம் ஊர்க் கொல்லர் கோடாலிக்கு எஃகு முனை சேர்ப்பதும் இந்த வித்தைதான். மின்சாரமும் ராடும் வந்த பிறகு சம்மட்டிக்கு வேலை குறைந்தது. கண்ணுக்கும் கைக்கும் வேலை குறையவில்லை.

பெட்டியில் இருக்கும் எண்கள்

தம்பி ராடு பெட்டியை எடுத்து வருகிறார்.

"அண்ணே, எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. எனக்கு எங்கே புரியப்போகிறது?"

"எழுத்தை விடு தம்பி. எண்ணைப் படி. எண் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்."

மூத்தவர் சொல்வது சரி. பெட்டியில் உள்ள எண்களைப் படித்தாலே பாதி வேலை தெரிந்துவிடும்.

முதலில் 3.15 என்று இருக்கும். அது ராடின் உள்ளே உள்ள கம்பியின் கனம், மில்லிமீட்டரில். மேல்பூச்சு அந்தக் கணக்கில் சேராது. கடைகளில் இதைப் 'பத்து கேஜ்' என்பார்கள். 2.5 என்றால் பன்னிரண்டு கேஜ். 4 என்றால் எட்டு கேஜ். கேஜ் எண் கூடக் கூட ராடு மெலியும். புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். மில்லிமீட்டரைப் பார்த்து வாங்கினால் குழப்பம் இல்லை.

அடுத்து 350 என்று இருக்கும். அது ராடின் நீளம். பிறகு 90–130 என்பது போல இரண்டு எண்கள். இதுதான் முக்கியம். அந்த ராடுக்கு எத்தனை ஆம்பியர் கரண்ட் வைக்கலாம் என்பதன் கீழ் எல்லையும் மேல் எல்லையும் அது. 2.5 ராடுக்குச் சுமார் 60 முதல் 90. 3.15க்குச் சுமார் 90 முதல் 130. 4க்குச் சுமார் 140 முதல் 180. கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். கையில் உள்ள பெட்டி சொல்வதே கணக்கு.

பெட்டி கிழிந்துபோனால்? மனக் கணக்கு ஒன்று உண்டு. ராடின் கனத்தை 30 முதல் 40 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். மெல்லிய ராடுக்கு 30 பக்கம். தடித்த ராடுக்கு 40 பக்கம். இரண்டரை முப்பது 75. மூன்றேகாலுக்குச் சற்றுக் குறைந்த ராடை 35ஆல் பெருக்கினால் 110. நாலு நாற்பது 160. அங்கே தொடங்கி, ஓட்டிப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

பெட்டியில் 6013 என்று ஒரு நான்கு இலக்க எண்ணும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பலத்தைச் சொல்கிறது. 60 என்றால், அந்த வெல்டிங்கின் ஒரு சதுர மில்லிமீட்டர் சுமார் 42 கிலோ இழுப்பைத் தாங்கும். 70 என்றால் சுமார் 49 கிலோ. மூன்றாவது இலக்கம் 1 என்று இருந்தால், படுக்கையாகவும் நிமிர்த்தியும் தலைக்கு மேலும் வைத்து ஓட்டலாம். கடைசி இலக்கம் மேல்பூச்சின் வகையைக் காட்டும். சன்னல் கம்பி, கதவு, சட்டம் எல்லாவற்றுக்கும் 6013 போதும். எளிதாகப் பற்றும். எந்த மெஷினிலும் ஓடும். பெட்டியில் ஐ.எஸ். 814 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். முத்திரை இல்லாத மலிவு ராடில் மேல்பூச்சு உதிரும். கம்பி பூச்சின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். தீ ஒரு பக்கமாகவே இழுக்கும்.

மேல்பூச்சு எதற்கு? அது எரிந்து புகையாகிறது. அந்தப் புகை உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கிறது. மீதி கசடாகி மேலே மூடுகிறது. பூச்சு உதிர்ந்த ராடை ஓட்டினால் காற்று உள்ளே புகும். வெல்டிங் முழுக்கப் பொத்தல் விழும்.

மெஷினில் எவ்வளவு வைப்பது?

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அல்லது துளை மாற்றிச் செருக வேண்டும். இப்போது தோளில் தூக்கும் இன்வெர்ட்டர் மெஷின் வந்துவிட்டது. குமிழைத் திருகினால் எண் தெரியும். எண் தெரிகிறது என்பதற்காக அதை முழுதாக நம்பிவிடக் கூடாது. மூன்றாம் மாடிக்கு மெல்லிய ஒயரை இழுத்துக் கொண்டுபோனால், வழியிலேயே மின் அழுத்தம் இறங்கிவிடும். காட்டும் எண் 110 ஆக இருந்தாலும் ராடுக்கு அது முழுதாக வராது.

ஆகவே கண்ணும் காதும் வேண்டும்.

கரண்ட் குறைவானால் ராடு ஒட்டிக்கொள்ளும். தீ விட்டு விட்டு எரியும். வரி உயரமாக, கயிறு கிடப்பது போல் மேலே கிடக்கும். ஓரம் கலந்திருக்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். பட்டை ஓட்டையாகிவிடுமே என்று பயந்து கரண்டைக் குறைத்துவிடுவார்கள். வெளியே பார்க்க வரி நிறைய இருக்கும். உள்ளே பிடிப்பு இருக்காது.

கரண்ட் அதிகமானால் பொறி நாலாபக்கமும் தெறிக்கும். ராடு பாதியிலேயே சிவந்துவிடும். வரியின் இரு ஓரமும் அரித்துப் பள்ளமாகும். பட்டை அந்த இடத்தில் மெலிந்து, பின்னால் அங்கேயே முறியும். மெல்லிய தகடு என்றால் பொத்துக்கொண்டு போகும்.

சரியான கரண்ட் வைத்தால் அப்பளம் பொரிகிற சத்தம் வரும். இடைவிடாத, சீரான சத்தம். வரி சற்றே மேடாக, மீன் செதில் அடுக்கியது போல இருக்கும். ஆறியதும் கசடு ஒரு தட்டில் உரிந்து வரும்.

ஜாலி வேலைக்கு மூத்தவர் 3.15 ராடு எடுக்கிறார். 110 ஆம்பியரில் தொடங்குகிறார். நிமிர்த்தி வைத்து ஓட்ட வேண்டிய இடத்தில் 10 ஆம்பியர் குறைக்கிறார். குறைக்காவிட்டால் உருகியது கீழே வழியும்.

ராடின் நுனிக்கும் இரும்புக்கும் உள்ள தூரம் ராடின் கனம் அளவே இருக்க வேண்டும். 3 மி.மீ. என்றால் இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கிய உயரம்தான். கை அசந்து தூரம் கூடினால் தீ அலையும், பொறி தெறிக்கும், காற்று புகும். ராடு உருகிக் குறையக் குறையக் கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். இதுதான் பழக நாளாகும் வித்தை. ராடை நிமிர்த்திப் பிடிக்காமல், போகிற திசைக்குச் சற்றுச் சாய்த்துப் பிடிப்பார்கள். 12 மி.மீ. கம்பி, 5 மி.மீ. பட்டை இரண்டும் சேரும் இடத்தில் தீயைத் தடித்த கம்பி மேல் கொஞ்சம் கூடுதலாகக் காட்ட வேண்டும். மெல்லியது சீக்கிரம் சூடாகும். தடித்தது மெல்லத்தான் சூடாகும்.

வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கும். ஒரு பக்கமே தொடர்ந்து ஓட்டினால் சட்டம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். சுவரில் பொருந்தாது. அதனால் முதலில் எல்லா மூலையிலும் சிறு புள்ளி வைப்பார்கள். பட்டறையில் இதை 'டாக் அடிப்பது' என்பார்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரம். அதன் பிறகு இந்த மூலை ஒன்று, எதிர் மூலை ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

உடைத்துப் பார்ப்பது

திருச்சியில் பெல் தொழிற்சாலை இருக்கிறது. மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் இடம். 1975 முதல் அங்கே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இயங்கி வருகிறது. கொதிகலன் குழாயின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். மனிதனின் எலும்பை எடுப்பது போலத்தான். உள்ளே பொத்தலோ கசடோ இருந்தால் படத்தில் தெரிந்துவிடும். அங்கே வெல்டரும் சும்மா வந்து ராடைப் பிடிக்க முடியாது. தேர்வு வைத்துச் சான்று கொடுத்த பிறகே கொதிகலனைத் தொட விடுவார்கள்.

பங்கா ரோடு பட்டறையில் எக்ஸ்ரே கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சுத்தியல் உண்டு. அதுவே போதும்.

வேலைக்கு வாங்கிய அதே பட்டையில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றைப் படுக்க வைத்து, மற்றதை அதன் மேல் நிமிர்த்தி வைக்க வேண்டும். மூலையில் ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் ஓட்ட வேண்டும். நன்றாக ஆற விட வேண்டும். கீழ்த் துண்டை வைஸில் இறுக்க வேண்டும். பிறகு வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து, நிமிர்ந்த துண்டைச் சுத்தியலால் அடித்து, வெல்டிங் இருக்கும் பக்கமாக மடக்க வேண்டும்.

சில சமயம் துண்டு மடங்கிக்கொண்டே போகும், உடையாது. அது நல்ல செய்தி. உடைந்தால் உடைந்த இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மூலையின் அடி வரை புது இரும்பு மின்னுகிறதா? சரி. அடியில் பட்டையின் பழைய வெட்டு ஓரம் அப்படியே நேர்க்கோடாகத் தெரிகிறதா? அந்த இடம் உருகவே இல்லை. கரண்டைக் கூட்ட வேண்டும், அல்லது கையின் வேகத்தைக் குறைக்க வேண்டும். கறுப்பாகக் கண்ணாடிச் சில்லு போல் இருந்தால் அது உள்ளே சிக்கிய கசடு. ஒரு வரிக்கு மேல் இன்னொரு வரி ஓட்டும் முன் கசடைத் தட்டிக் கம்பி பிரஷ் போடாததன் பலன். குண்டூசி முனை போலப் பொத்தல்கள் இருந்தால், துருவோ பெயிண்டோ எண்ணெயோ ஈரமோ காரணம்.

தம்பியின் முதல் துண்டு இரண்டே அடியில் கழன்று விழுகிறது. அடியில் நேர்க்கோடு அப்படியே இருக்கிறது.

"எத்தனையில் வைத்தாய்?"

"எண்பதில் அண்ணே. ஓட்டையாகிவிடும் என்று பயம்."

"அஞ்சு மில்லி பட்டை அவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகாது. நூற்றுப் பத்து வை. ஓட்டிவிட்டு மறுபடியும் உடை."

ஒரு சாண் பட்டையும் இரண்டு ராடும்தான் செலவு. எந்தப் பட்டறையிலும் வாரம் ஒரு முறை இதைச் செய்யலாம். வீடு கட்டுகிறவர்களும் கேட்கலாம்: "ஒரு துண்டு ஓட்டி உடைத்துக் காட்டுங்கள்." நல்ல வெல்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஈரம் என்ற எதிரி

தில்லியில் மே மாதம் காற்று நெருப்பாக அடிக்கும். ஈரமே இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் மழை வந்ததும் எல்லாம் மாறிவிடும். சுவர் வியர்க்கும். உப்பு கசியும். ராடும் ஈரத்தை உறிஞ்சும். மே மாதம் நன்றாக ஓடிய அதே பெட்டி ஆகஸ்டில் பொத்தல் போடும். பலர் மெஷினைக் குறை சொல்வார்கள்.

இரண்டு ராடுகளைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். காய்ந்த ராடு 'டிங்' என்று ஒலிக்கும். ஈர ராடு மந்தமாக ஒலிக்கும். பூச்சின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும் ஈரம்தான். 6013ஐச் சுமார் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைத்தால் சரியாகும். இதற்கென்று சிறு மின் அடுப்புப் பெட்டி விற்கிறார்கள். விறகடுப்பிலும் கேஸ் அடுப்பிலும் காட்டினால் பூச்சு வெடித்துவிடும். திறந்த பெட்டியைத் தரையில் போடாமல், பாலிதீன் பையில் சுற்றி உயரத்தில் வைக்க வேண்டும்.

7018 என்ற ராடுக்கு ஈரம் இன்னும் பெரிய பகை. இது பலமான வேலைக்கு உரியது. வண்டியின் இழுவைக் கொக்கி, டிரெய்லரின் சட்டம், தடித்த இரும்பு இவற்றுக்கு இதைத்தான் போடுவார்கள். ஈரத்தில் உள்ள ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் போய்விடும். அன்று வெல்டிங் அழகாக இருக்கும். சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து, யாரும் தொடாமலே உள்ளே மயிரிழை போல் விரிசல் ஓடும். அதனால்தான் 7018ஐ 250 முதல் 350 டிகிரி வரை சூட்டில் வைத்து, சூடாகவே எடுத்து ஓட்டச் சொல்கிறார்கள். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்பது பெட்டியிலேயே இருக்கும். இன்வெர்ட்டர் மெஷினில் இந்த ராடைக் கூட்டல் குறி போட்ட முனையில் மாட்ட வேண்டும்.

எவர்சில்வர் குழாய்க்கு இந்த இரண்டு ராடும் உதவாது. அதற்கு 308 என்ற எண் உள்ள ராடு. எவர்சில்வரையும் இரும்பையும் சேர்க்க 309.

பழைய இரும்பு

ஜனக்புரிக்குக் கிழக்கே, கொஞ்ச தூரத்தில் மாயாபுரி. பழைய இரும்புக்குப் பேர் போன இடம். கார் உடைப்பு, மெஷின் உடைப்பு எல்லாம் அங்கே நடந்து வந்தது. பழைய இரும்பு வாங்குகிறவரைத் தில்லியில் 'கபாடி' என்பார்கள். விலை மலிவு என்று கபாடியிடம் பட்டை வாங்கிவந்து ஜாலி செய்வதும் உண்டு. வாங்கலாம். ஆனால் எந்த இரும்பு என்று பார்க்க வேண்டும்.

கிரைண்டரில் லேசாகப் பிடித்தால் பொறி சொல்லிவிடும். நீளமாக, நேராக, கிளை குறைவாகப் பொறி பறந்தால் சாதாரண இரும்பு. நன்றாகப் பற்றும். பூத்திரி போலக் கிளை கிளையாக வெடித்தால் கடினமான எஃகு. லாரியின் கமான் பட்டை அப்படிப்பட்டது. அதை 6013 போட்டு ஓட்டினால் வெல்டிங்கின் ஓரத்திலேயே கண்ணாடி போல முறியும். எடை தாங்கும் இடத்தில் அதைப் போடவே கூடாது.

என்னவென்றே தெரியாத பொருளை வெட்டவும் கூடாது, சூடு காட்டவும் கூடாது. 2010 ஏப்ரலில் மாயாபுரியில் இது நடந்தது. ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட பழைய கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்பாக வந்தது. பிரித்தார்கள். உள்ளே கோபால்ட் 60 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. பலர் நோயுற்றார்கள். ஒரு தொழிலாளி இறந்தார். மூன்று இதழ் காற்றாடி போன்ற குறி, மிகக் கனமான ஈயக் கூடு, இவற்றைக் கண்டால் தள்ளி நின்று போலீசுக்குச் சொல்ல வேண்டும். மூடிய எண்ணெய் டிரம், பெட்ரோல் டேங்க் இவையும் ஆபத்துதான். காலியாகத் தெரியும். உள்ளே ஆவி இருக்கும். ஆர்க் பட்டதும் வெடிக்கும்.

வெள்ளைப் பூச்சுக் குழாயை, அதாவது ஜி.ஐ. பைப்பை ஓட்டும்போது வேறொரு தொல்லை. பூச்சில் உள்ள துத்தநாகம் சுமார் 900 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். வெள்ளைப் புகையாக வரும். அதை இழுத்தால் இரவில் குளிர் காய்ச்சல் அடிக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும். வெல்லம் தின்றால் சரியாகும், பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். இரண்டும் நல்ல உணவுதான். ஆனால் புகையை அவை தடுக்காது. ஓட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று முகத்துக்கு எதிராக வராத பக்கம் நின்று ஓட்ட வேண்டும். எந்த வெல்டிங் புகையுமே நல்லதல்ல. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2017இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. நாலு சுவருக்குள் கதவை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது.

கண்ணும் கையும்

கறுப்புக் கண்ணாடிக்கும் எண் உண்டு. 10 அல்லது 11 என்று அதன் மூலையில் பொறித்திருக்கும். சாலையோரம் விற்கும் கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது. ஆர்க்கைப் பார்த்த உடனே கண் வலிக்காது. அதுதான் ஏமாற்று. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நள்ளிரவில் மணல் கொட்டியது போல் உறுத்தும். தண்ணீர் கொட்டும். அப்போது கண்ணில் பாலும் விட வேண்டாம், பச்சிலையும் விட வேண்டாம். கண்ணைக் கசக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். வெல்டரைவிட உதவியாளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. அவர் கையில் கண்ணாடி இருப்பதில்லை. தெருவில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை முதலில் விரட்ட வேண்டும்.

ராடு மாட்டும் ஹோல்டரில் தீ இல்லாதபோது 70, 80 வோல்ட் இருக்கும். வீட்டு மின்சாரத்தைவிடக் குறைவுதானே என்று தோன்றும். வியர்த்த கைக்கு அதுவே போதும், உயிரை எடுக்க. மழைக்காலத்தில் கையுறை காய்ந்திருக்க வேண்டும். காலுக்கு ரப்பர் செருப்போ ஷூவோ வேண்டும். ஈரத் தரை என்றால் பலகை போட்டு நிற்க வேண்டும்.

'எர்த்து' என்று பட்டறையில் சொல்வது, வேலைப் பொருளில் கவ்வும் ஒயரை. மெஷினின் உடம்பைத் தரையோடு இணைக்கும் எர்த் ஒயர் வேறு. இரண்டும் வேண்டும். கவ்வியை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே, துரு தேய்த்த இடத்தில் போட வேண்டும். தண்ணீர்க் குழாயில் மாட்டி வேலை செய்வது கூடவே கூடாது.

ஜாலி தயார். மூன்றாம் மாடிக்கு ஏற்றுகிறார்கள். மேலே ஓட்ட வேண்டியது நான்கே இடம். சுவருக்குள் சிமெண்டில் புதைத்த இரும்புத் துண்டுகளோடு சட்டத்தைச் சேர்க்க வேண்டும். தம்பி ஹோல்டரை எடுக்கிறார். மூத்தவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார். கீழே இரண்டாம் மாடியில் ஒரு கூலர் இருக்கிறது. அதன் பக்கங்களில் காய்ந்த மரச்சுருள். ஒரு பொறி போதும். பொறி பத்து மீட்டர் தூரம்கூடப் போகும். கூலர் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, கீழே ஓர் ஆளை வாளித் தண்ணீரோடு நிறுத்திய பிறகே வேலை தொடங்குகிறது.

ஒரு பக்கம் உள்ளிருந்து திறக்கும் சிறு கதவு வைத்திருக்கிறார்கள். தீப்பிடித்தால் வெளியே வர வழி வேண்டும் அல்லவா? அதன் கீலை மூத்தவரே ஓட்டுகிறார். 2.5 ராடு. 75 ஆம்பியர். கீல் மெல்லியது.

கசடு முழுவதையும் தட்டி, பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு இரண்டு கை அடிக்கிறார்கள். கசடின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அது உரிந்து விழும்போது பெயிண்டையும் கூட்டிக்கொண்டு போகும். பிறகு துரு. வீட்டுக்காரர் சும்மா இருக்காமல் பழைய கூலர் சட்டத்தையும் காட்டுகிறார். மூத்தவர் அதன் மூலைகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். மூன்று மூலை கணீரென்கிறது. நான்காவது மூலை மொத்தென்று கேட்கிறது. பெயிண்டைச் சுரண்டினால் ஓரம் நெடுக விரிசல்.

"கூலரை இறக்குங்கள் சார். இதைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் புதிதாக ஓட்ட வேண்டும். மேலே பூசினால் பிடிக்காது."

தம்பி கிரைண்டரை எடுத்து வரக் கீழே இறங்குகிறார்.